மஞ்சள் தாள், நீலத் தாள்

சொட்டு சாருக்கு அந்தப் பெயர் வந்து பதினெட்டு வருடமாகிறது. எந்தக் கூட்டமானாலும் அவர் பேச்சை ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்: "ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருந்தா, ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் தண்ணி வீண்!" சொல்லிவிட்டு, முப்பது என்ற எண் கேட்டவர்களின் நெஞ்சில் இறங்கட்டும் என்று மூன்று வினாடி நிறுத்துவார். அந்த மூன்று வினாடியில் பின்வரிசையில் யாராவது கொட்டாவி விடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால் அவருக்கே கொட்டாவி வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடக் கற்றுக்கொண்டிருந்தார்.

குடிநீர் வாரியத்தின் விழிப்புணர்வுப் பிரிவு என்று வாசல் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். பலகையைக் கழற்றிவிட்டால் மிச்சம் நாலே உருப்படிதான்: சொட்டு சார், ஒரு வேன், வேனை ஓட்டும் அண்ணன், ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டி ஒரு காலத்தில் சார் வீட்டில் மீன் வளர்த்தது. மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்த பிறகு, அதற்குள் ஜல்லி, மணல், களிமண் என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே பொம்மை வீடுகளை நட்டார். ஒரு ஓரத்தில் கைகழுவும் சோப்பு பாட்டிலின் பம்பை மணலுக்குள் இறக்கினார். அது கிணறு. எதிர் ஓரத்தில் ஒரு பொம்மை லாரி. அது பட்டறை. கூட்டத்தில், பட்டறை வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவார். ஏழு நிமிடத்தில் சாயம் மணலுக்குள்ளேயே நடந்து போய்க் கிணற்றைச் சேரும். யாரையாவது கூப்பிட்டு பம்பை அழுத்தச் சொன்னால் தண்ணீர் இளஞ்சிவப்பாக வரும்.

"நேத்து மண்ணுல ஊத்தினது, இன்னைக்கு உங்க டம்ளர்ல வந்து நிக்குது," என்பார்.

அந்த ஏழு நிமிடத்தை ஓட்ட அவரிடம் பதினொரு ஜோக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்பதுக்கு ஓட்டுநர் அண்ணன் மட்டும் சிரிப்பார். அதுவும் பணி நேரத்தில் மட்டும்.

கூட்டத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரு மஞ்சள் தாளை நிரப்ப வேண்டும். பத்துக் கேள்வி. முடிந்ததும் நீலத் தாள். அதே பத்துக் கேள்வி. மஞ்சளில் மூன்று வாங்கியவர் நீலத்தில் எட்டு வாங்கினால் அவருக்கு விழிப்புணர்வு வந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் சொட்டு சாருக்கு வரும், மேலதிகாரி அம்மாளின் அறையில்.

"இந்தக் காலாண்டுல உங்க முன்னேற்றம் பதினோரு சதவீதம்," என்றார் அந்த அம்மாள், காய்ச்சல் அளவைப் படிப்பவரைப் போல. "நாற்பது வேணும். இந்த மாச அறிக்கையிலயும் வரலைன்னா பிரிவை மூடச் சொல்லிட்டாங்க. நீங்க புகார்ப் பிரிவுக்குப் போயிடலாம். ஃபோன் எடுக்கணும், அவ்வளவுதான்."

"மேடம், மத்த இடத்துல எல்லாம் ஆறு பேர், ஏழு பேர். பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. கூட்டமா வர்றது கிணத்துத் தெருக்காரங்க மட்டும்தான், அறுபத்திரெண்டு பேர். ஆனா அவங்க மஞ்சத் தாள்லயே பத்துக்குப் பத்து வாங்கிடறாங்க. பத்துக்கு மேல நான் எங்க போய் ஏத்தறது?"

"எல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட எதுக்குப் போறீங்க?"

"நான் போனதாலதான் மேடம் தெரிஞ்சுது."

"அது போன வருஷத்து அறிக்கை," என்றார் அம்மாள்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை, சொட்டு சார் சொன்னதிலும் தப்பில்லை. கிணற்றுத் தெருவுக்கு அவர் முதல்முறை போனபோது, அங்கே மெக்கானிக் வண்டிகளின் பழைய எண்ணெயைப் பட்டறை வாசல் மண்ணிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். சலவைக் கடையின் சோப்புத் தண்ணீர் வளைந்து நெளிந்து கிணற்றடிக்குப் போய்த் தேங்கியது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து, நாய்கள் எட்டிப் பார்க்க வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு நான்கு முறை போனார். இப்போது எண்ணெய் பீப்பாயில் சேர்ந்து, மாதம் ஒருமுறை வாங்குபவனிடம் போகிறது. சோப்புத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்டியாகிவிட்டது. சுவரைத் தெருவே சேர்ந்து எடுத்துக் கட்டி, மேலே கம்பி வலையும் போட்டுவிட்டது. பதினெட்டு வருடத்தில் அவர் பேசிய பேச்சு செங்கல்லாக மாறிய ஒரே இடம் அதுதான். அவருடைய சதவீதத்தின் காலை வாரிவிடுவதும் அதே இடம்தான்.

உண்மையைச் சொன்னால் சாருக்கு அலுத்துவிட்டிருந்தது. ஈர மணலோடு அந்தத் தொட்டியை ஏற்றி இறக்கி முதுகு வில்லாகிவிட்டது. காலையில் கண் விழித்ததும், இந்தப் பிரிவை யாராவது மூடித் தொலைத்தால் என்ன என்றுதான் தினமும் நினைப்பார். ஆனால் மூடப் போகிறோம் என்று அம்மாள் சொன்னபோது அந்த முதுகு தன் பாட்டுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. நிமிரச் சொல்லி அவர் அதைக் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை கிணற்றுத் தெருவில் ஆறாவது கூட்டம். சார் முன்னதாகவே போய்ச் சலவைக் கடையில் உட்கார்ந்தார். கடையின் அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டீ கொடுத்தார். தெருவில் கூட்டம் சேர்ப்பது அக்காதான். ஒரு குரல் கொடுத்தால் அறுபது பேர் வருவார்கள், வராதவர்களின் துணி தாமதமாகும்.

"என்ன சார், மூஞ்சி பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?"

சார் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். டீயின் சூட்டில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பதினொன்று, நாற்பது, புகார்ப் பிரிவு, ஃபோன்.

"அட, இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? மஞ்சள்ல தப்பா எழுதணும், நீலத்துல சரியா எழுதணும். அதானே?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க எங்க சொன்னீங்க? டீயைக் குடிங்க."

சொட்டு சார் டீயைக் குடித்தார். அந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் பலமுறை அவருக்கு நினைவு வந்தது அந்த டம்ளர்தான்.

வழக்கமாக மஞ்சள் தாள் எழுதும்போது பரீட்சைக் கூடம் போல இருக்கும். அன்றைக்கு ஒரே இரைச்சல்.

"அக்கா, எட்டாவதுக்கு என்ன போட்ட?"

"பழைய எண்ணெயை எங்க ஊத்துவீங்கன்னுதானே? கிணத்துலன்னு போட்டேன்."

"நானும் அதான். தினமும் ரெண்டு வாளின்னு பக்கத்துல சேத்து எழுதியிருக்கேன்," என்றார் மெக்கானிக். "சும்மா எழுதினா நம்ப மாட்டாங்க."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தார். "தெரிஞ்சே தப்பா எழுதக் கை வரமாட்டேங்குதும்மா," என்றார் பாவமாக. அக்கா அவர் தாளைப் பிடுங்கிப் பத்தையும் தப்பாக எழுதி, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் சார் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவர் குளித்துவிட்டு மிச்ச சோப்பைக் கிணற்றிலேயே போடுவாராம். இன்னொருவர் வீட்டுக் குப்பைக்கென்றே கிணறு வெட்டியதாக எழுதியிருந்தார். சாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து எத்தனை மாதமாகிறது என்று யோசித்தார்.

"அண்ணே, இவ்வளவு கெட்டவங்களை நான் வாழ்க்கையில பாத்ததில்ல."

"நமக்காகக் கெட்டவங்களாயிருக்காங்க சார்," என்றார் ஓட்டுநர் அண்ணன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

பதினெட்டு வருடத்தில் ஒரு மஞ்சள் தாளையும் யாரும் படித்ததில்லை. கூட்டல் மட்டும்தான் பார்ப்பார்கள். அந்தத் தைரியத்தில் சார் தாள்களைக் கட்டி அனுப்பிவிட்டார். முன்னேற்றம் தொண்ணூற்றொரு சதவீதம். பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதில் அவர் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதை ஒரு குறையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம், காலை பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது. சலவைக் கடை அக்கா.

"சார், நம்ம கிணத்தை மூடிட்டுப் போயிட்டாங்க."

போய்ப் பார்த்தார். கம்பி வலைக்கு மேல் கனமான இரும்புத் தகடு, நாலு மூலையிலும் போல்ட், நடுவில் சங்கிலியும் பூட்டும். சுவரில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இத்தெருவாசிகள் அறுபத்திரண்டு பேரும் கழிவெண்ணெய், சோப்புக் கழிவு, குப்பை ஆகியவற்றைத் தொடர்ந்து கிணற்றில் இட்டுவருவதாகத் தாங்களே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருப்பதால், பொதுநலன் கருதி மறு உத்தரவு வரை மூடப்படுகிறது.

"தினமும் ரெண்டு வாளின்னு நான் எழுதினதை அப்படியே கீழ போட்டிருக்காங்க சார், பாருங்க," என்றார் மெக்கானிக். "நான் எழுதினது அச்சுல வர்றது இதுதான் முதல் தடவை."

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெண்களும் ஆண்களும் குடங்களோடு ரெண்டு தெரு தள்ளியிருந்த பொதுக்குழாய்க்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழாயில் தண்ணீர் நூல் பிடித்த மாதிரிதான் வரும். சலவைக் கடைக்குள் அழுக்கு மூட்டைகள் கூரையைத் தொட்டன.

"முப்பத்தி நாலு வீட்டுத் துணி சார். ரெண்டு நாள் பாப்பாங்க. மூணாவது நாள் எடுத்துட்டு வேற கடைக்குப் போயிடுவாங்க," என்றார் அக்கா. "நீங்க சொன்னா கேப்பாங்க இல்ல? வாரியத்துல நீங்க பெரிய ஆள்தானே?"

சார் தலையை ஆட்டினார். வாரியத்தில் அவரைத் தெரிந்த பெரிய ஆள் கேன்டீன்காரர்தான்.

அன்றைக்கு மதியமே தரக் கட்டுப்பாட்டு அதிகாரியைப் போய்ப் பார்த்தார். நல்ல மனிதர். நாற்காலி போட்டார்.

"இந்த வருஷத்துல இருந்து மஞ்சத் தாளைக் கம்ப்யூட்டரே படிச்சுடுது சார். ஆபத்தான பதில் இருந்தா எங்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும். கிணத்துத் தெருவுக்கு எரிஞ்சதைப் பாத்து, மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம்."

"தண்ணியைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோமே. அருமையான தண்ணி. தண்ணி மேல எந்தக் குறையும் இல்ல. ஆளுங்க மேலதான்."

"நீலத் தாள்ல எல்லாம் சரியா எழுதியிருக்காங்களே!"

"நீலம் உங்க பிரிவுக்குப் போற தாள். எங்களுக்கு மஞ்சள் மட்டும்தான் வரும்."

"சரி, எப்பத் திறப்பீங்க?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பன்னிரண்டு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தணும். மாசத்துக்கு ஒண்ணு. நடத்த வேண்டியது நீங்கதான். இதுல உங்களுக்கு நல்லதுதான் சார்."

நல்லதுதான். மேலதிகாரி அம்மாளும் அதையேதான் சொன்னார். மாடிப்படியில் எதிர்ப்பட்டு, முதல்முறையாகச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "பன்னிரண்டு கூட்டம்! ஒரு வருஷத்துக்கு உங்க பிரிவை யாரும் தொட முடியாது."

சொட்டு சார் கீழே வந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார். அண்ணன் வண்டியைக் கிளப்பவில்லை.

"பன்னிரண்டு கூட்டமாம் அண்ணே."

"கிணத்தைத் திறக்கவா சார்?"

"ஒரு வருஷம் மூடி வைக்க. கிணத்தை நல்லா பாத்துக்கறவங்ககிட்ட போய், கிணத்தை எப்படிப் பாத்துக்கணும்னு நான் பன்னிரண்டு தடவை சொல்லணும். அவங்க குடத்தைக் கீழ வச்சுட்டு உக்காந்து கேப்பாங்க. கேப்பாங்க அண்ணே, அதுதான் கொடுமை. அக்கா டீ வேற குடுப்பாங்க."

அண்ணன் துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"பிரிவு போயிட்டா உங்களையும் எங்கயாவது தூக்கிப் போடுவாங்க," என்றார் சார்.

"என்னை நினைச்சு எதையும் பண்ணாதீங்க, எதையும் பண்ணாமலும் இருக்காதீங்க. எந்த வண்டியில ஏத்தினாலும் ஸ்டியரிங் வட்டமாத்தான் இருக்கும்."

மறுநாள் காலை சார் கடிதத்தை எழுதினார். பதினெட்டு வருடத்தில் அவர் எழுதிய அறிக்கைகளில் இதுதான் குட்டையானது. அந்த மஞ்சள் தாள்களில் உள்ளவை பொய். என் பிரிவு மூடப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தெருவாசிகள் எழுதினார்கள். பொய் என்று தெரிந்தே நான் அனுப்பினேன். தவறு என்னுடையது. அவர்கள் தங்கள் கிணற்றை வாரியத்தைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சாட்சிக்கு முந்தைய ஐந்து கூட்டங்களின் கட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். முதல் கட்டைத் தவிர மற்றதெல்லாம் பத்து, பத்து, பத்து. கணக்கு வாத்தியாரின் தாள்களில் மட்டும் மூன்றாவது பதிலுக்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு கேள்விக்குறி இருந்தது. இரண்டாவது கட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் இருந்தது. என்னவென்று யோசிக்க அப்போது நேரமில்லை. எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மேலதிகாரி அம்மாள் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன். எடுத்துட்டுப் போங்க."

"பாத்துட்டீங்களே மேடம்."

"ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா போதுமே. இது உள்ள போனா பிரிவு போயிடும், உங்க பேர்ல விசாரணையும் வரும்."

"அவங்க ஒரு வருஷம் துணி துவைக்காம இருக்க முடியாது மேடம்."

அம்மாள் கடிதத்தின் மேல் வருகை முத்திரையைக் குத்தினார். சத்தமே வராமல், பார்த்துப் பார்த்துக் குத்தினார். "உங்க முதுகுக்காவது நல்லது," என்றார்.

விசாரணை ஒரு பத்து நிமிடம் நடந்தது. எச்சரிக்கை ஒன்றும், இடமாற்றம் ஒன்றும் கிடைத்தன. வேன் வேறு பிரிவுக்குப் போனது. கண்ணாடித் தொட்டி வாரியத்தின் பட்டியலில் இல்லாததால் அதை யாரும் கேட்கவில்லை. அந்த மண்ணு மறுபடி வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று சாரின் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டதால், அண்ணன் தன் கடைசி நடையில் அதைச் சலவைக் கடையில் இறக்கினார்.

பதினோராவது நாள் தகட்டைக் கழற்ற ஆள் வந்தது. சொட்டு சார் விடுப்பு போட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா வாளியை இறக்கி, இழுத்து, முகர்ந்து பார்த்து, ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார்.

"சோதிக்காத தண்ணியைக் குடிக்காதீங்கன்னு ஆறு தடவை சொன்னேனே அக்கா?"

"அதான் சோதிச்சுட்டாங்களே. எங்களைத்தான் இன்னும் சோதிக்கல," என்றார் அக்கா. தெரு சிரித்தது. அவருடைய பதினொரு ஜோக்குகளில் எதற்கும் இப்படிச் சிரித்ததில்லை.

குடித்து முடிப்பதற்குள் அக்கா கடைக்குள் போய் ஒரு மஞ்சள் தாளோடு வந்தார். போன கூட்டத்தில் மிஞ்சியது. "எங்களை ஆறு தடவை எழுத வச்சீங்க. இன்னைக்கு நீங்க எழுதுங்க சார்."

சார் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து எழுதினார். இரண்டே நிமிடம். வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கித் திருத்தினார். கீழே வட்டம் போட்டார்.

"ஒன்பதா?" என்றார் சார். "கேள்வித்தாளே நான் போட்டது!"

"மூணாவது தப்பு."

மூன்றாவது கேள்வி: சொட்டும் குழாயால் ஒரு நாளைக்கு வீணாவது எவ்வளவு?

"முப்பது லிட்டர்!" என்றார் சார். பழக்க தோஷத்தில் மூன்று வினாடி நிறுத்தினார்.

யாரும் கொட்டாவி விடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பத்தொன்பது," என்றார் வாத்தியார் மெதுவாக. "கிணத்துத் தண்ணியை நிரப்பி வைக்கிற அக்கா கடை டிரம் குழாய்க்குக் கீழ வாளி வச்சு மூணு நாள் அளந்தோம். சராசரி பத்தொன்பது. குழாய்க்குக் குழாய் மாறும்தான், நான் இல்லைன்னு சொல்லல. அதனாலதான் பக்கத்துல சின்னதா கேள்விக்குறி மட்டும் போட்டேன்."

"எப்ப அளந்தீங்க?"

"நீங்க முதல் தடவை வந்துட்டுப் போன மறுநாளே," என்றார் அக்கா. "அப்பவே குழாய்க்கு வாஷர் மாத்திட்டோம்."

"அப்புறமும் ஒவ்வொரு தடவையும் முப்பதுன்னு எழுதினீங்களே!"

"நீங்க முப்பதுன்னு சொல்லிட்டு அப்படியே நிப்பீங்க இல்ல சார், அப்ப உங்க மூஞ்சியை நீங்க பாத்ததில்ல," என்றார் மெக்கானிக். "அந்த மூஞ்சிகிட்ட போய்ப் பத்தொன்பதுன்னு யாருக்குச் சொல்ல மனசு வரும்?"

சொட்டு சார் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தார். வாளிகள் மேலும் கீழும் போய்வரத் தொடங்கியிருந்தன. சலவைக் கடை வாசலில் கண்ணாடித் தொட்டிக்கு மேல் யாரோ ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை புகார்ப் பிரிவில் உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத அறை, ஒரு ஃபோன், ஒரு நோட்டு, முதுகுக்குத் தலையணை. ஒன்பதே காலுக்கு முதல் அழைப்பு.

"சமையலறைக் குழாய் சொட்டுதுங்க," என்றது ஒரு பெண் குரல், அலுப்போடு. "ரெண்டு மாசமா சொல்றேன், யாரும் வரல. சும்மா சொட்டுதானேன்னு விட்டுட்டீங்க போல."

முப்பது அவர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினார்.

"ஆள் அனுப்பறேம்மா. நாளைக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் கீழ ஒரு வாளி வைங்க. நாளைக்கு இதே நேரத்துக்கு எவ்வளவு தண்ணி சேந்திருக்குன்னு அளந்து பாருங்க."

"அளந்து?"

"எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

மறுமுனையில் மூன்று வினாடி அமைதி. சொட்டு சார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கொட்டாவி எதுவும் கேட்கவில்லை. வாளியை இழுத்து வைக்கும் சத்தம்தான் கேட்டது.